அப்பா போய் நான்கு மாதம், இன்னும் அழவில்லை: என் பதில்

அப்பா இறந்து நான்கு மாதமாகியும் அழுகை வரவில்லை, அலுவலகத்தில் சிரிக்கக்கூட முடிகிறது, துக்கத்துக்குச் சொல்லப்படும் ‘ஐந்து நிலைகளில்’ (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) முதலாவதிலேயே மாட்டிக்கொண்டேனோ என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்த ஐந்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசிவிட்டு. பறிகொடுத்தவர்களுக்கான கால அட்டவணை அல்ல அது.

எனக்கு உதவியது 1999-இல் ஸ்ட்ரோப, ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். துக்கம் ஊசல் மாதிரி. ஒரு நேரம் இழப்பின் பக்கம் போகும். ஒரு நேரம் வேலை, சமையல், கட்டவேண்டிய பில் என்று இந்தப் பக்கம் வரும். இரண்டுமே துக்கத்தின் வேலைதான். நீங்கள் சிரித்தது துரோகம் இல்லை. என் அம்மா போனபோது எனக்கு ஏழாவது மாதம்தான் அழுகை வந்தது, அதுவும் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு அலமாரியில் தட்டுப்பட்டபோது. சிலருக்குக் கண்ணீர் வராமலே போகும், அதுவும் சரிதான்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டாலோ, ‘நானும் போய்விடலாம்’ என்று தோன்றினாலோ மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். அப்புறம், அப்பாவின் போன் எண்ணை அழிக்கவா என்று கேட்டீர்களே, ஒரு அவசரமும் இல்லை. இருக்கட்டும்.