வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்

கேள்வி: ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். பள்ளியில் கூடைப்பந்து ஆடும் என் பேரன், முற்காலத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில் ஒருவரே கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் பயிற்சியாளராக இருந்தார் என்கிறான். தொடர்பில்லாத இரண்டு ஆட்டங்களை ஒருவர் எவ்வாறு கற்பித்திருக்க முடியும்?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அம்மா, தங்கள் பேரன் சொல்வது சரியே. ஆனால் அவ்விரு ஆட்டங்களும் தொடர்பில்லாதவை என்பதை நான் ஏற்கமாட்டேன். அமெரிக்கக் கால்பந்து நாம் டர்பனில் ஆடும் சாக்கர் அன்று, ரக்பியிலிருந்து கிளைத்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், இலையுதிர்காலக் கால்பந்து முடிந்தபின் பனிக்காலத்தில் கூரையின் கீழ் ஆடுவதற்கென்றே, 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். அந்த நெய்ஸ்மித் அப்பள்ளியின் கால்பந்து அணியிலும் ஆடியவர். அவ்வணிக்குப் பயிற்சி அளித்தவர் ஏமஸ் அலோன்சோ ஸ்டாக். 1892 மார்ச் 11 அன்று பொதுமக்கள் முன்னிலையில் நடந்த முதல் கூடைப்பந்து ஆட்டத்தில் ஆசிரியர்களை மாணவர்கள் 5–1 என்று வென்றபோது, ஆசிரியர் தரப்பின் அந்த ஒரே புள்ளியை எடுத்தவரும் ஸ்டாக்தான்.

1862இல் பிறந்த இவர் மதபோதகராக விரும்பி யேல் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். மேடைப்பேச்சு தமக்கு வராது என்று கருதி விளையாட்டுத் துறைக்குத் திரும்பினார். அதே 1892இல், யேலில் இவருக்கு ஆசிரியராக இருந்த வில்லியம் ரெயினி ஹார்ப்பர், தாம் தலைமையேற்ற புதிய சிகாகோ பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறையை இவரிடம் ஒப்படைத்து, இணைப் பேராசிரியர் பதவியும் வழங்கினார். பயிற்சியாளர்கள் பருவத்துக்கு ஒருவராக வந்துபோன காலத்தில் இது புதுமை. ஸ்டாக்கின் வெற்றிகளைவிட இந்த நியமனத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். துறையே அவர் கையில் இருந்ததால், நம் பள்ளி ஆசிரியர் ஒருவர் கோடையில் கிரிக்கெட்டையும் குளிர்காலத்தில் சாக்கரையும் கவனிப்பதைப் போல, கால்பந்துடன் பேஸ்பால், தடகளம் ஆகியவற்றையும் அவரால் நடத்த முடிந்தது. 1896 ஜனவரியில் அயோவா நகரில், பக்கத்துக்கு ஐவர் மட்டும் ஆடிய தொடக்ககாலக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றில் ஸ்டாக்கின் சிகாகோ அணி 15–12 என்று வென்றது. இன்று தங்கள் பேரன் ஆடும் அணியிலும் ஐவர்தானே.

கால்பந்தில் 41 பருவங்கள் சிகாகோவிலேயே கழிந்தன. எழுபது வயதில் ஓய்வுபெற வேண்டும் என்ற பல்கலைக்கழக விதி 1932இல் அவரை வெளியேற்றியது (பேராசிரியர் பதவி தந்த பாதுகாப்புடன் அதன் விதிகளும் வந்தன போலும்). அவர் ஓயவில்லை. கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் உள்ள பசிஃபிக் கல்லூரியில் மேலும் 14 பருவங்கள் பயிற்சி அளித்து, 1943இல், 81ஆம் வயதில், ஆண்டின் சிறந்த கால்பந்துப் பயிற்சியாளராகத் தேர்வானார். கல்லூரிக் கால்பந்தின் புகழ்மன்றம் 1951இல் அவரை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் சேர்த்துக்கொண்டது. கூடைப்பந்தின் புகழ்மன்றம் 1959இல் தேர்ந்தெடுத்த முதல் குழுவிலேயே அவர் பெயர் இடம்பெற்றது.