121 தோல்விக்குப் பிறகும் இரண்டு ஆட்டங்கள்

வணக்கம் சார்,

சிகாகோ புறநகரில் வசிக்கிறேன். என் பதினொரு வயது மகன் வைட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் தீவிர ரசிகன். 2024 சீசனில் அந்த அணி 121 ஆட்டங்கள் தோற்றதிலிருந்து பள்ளியில் அவனைக் கேலி செய்கிறார்கள். இதே ஊரில் கப்ஸ் அணியும் இருக்கிறதே, அதற்கு மாறிவிடு என்றால் கேட்க மாட்டேன் என்கிறான். தோற்பவர்களையே பார்த்து வளர்ந்தால் அந்த மனநிலை அவனுக்கும் ஒட்டிக்கொள்ளாதா? கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த ஆட்டமும் பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகனை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. உங்கள் மேல்தான் கோபம்.

ஆட்டம் பிடிபடவில்லை என்பது பெரிய விஷயமில்லை. அவன் பக்கத்தில் உட்காருங்கள், சொல்லித்தருவான். ஆனால் மனநிலை ஒட்டிக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சுருக்கென்றது. தோல்வி என்ன அம்மை நோயா?

கொஞ்ச நாளாகவே அந்த சீசனைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிவரை 162 ஆட்டங்கள், அநேகமாகத் தினமும் ஒன்று. வைட் சாக்ஸ் முதல் 25 ஆட்டங்களில் 22 தோற்றது. ஜூலை, ஆகஸ்டில் தொடர்ந்து 21 தோல்வி. மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை நீக்கிவிட்டு கிரேடி சைஸ்மோரை இடைக்காலமாக உட்காரவைத்தார்கள். 1962-இல் நியூயார்க் மெட்ஸ் தோற்ற 120 ஆட்டங்கள்தான் அதுவரை நவீன காலத்தில் ஒரு சீசனின் அதிகபட்சத் தோல்வி. செப்டம்பர் 22 அன்று சான் டியாகோவில் வைட் சாக்ஸ் அதைத் தொட்டது.

எல்லோரும் இதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். இன்னும் ஆறு ஆட்டங்கள் மிச்சம் இருந்தன ஐயா! சொந்த மைதானத்தில் ஏஞ்சல்ஸ் அணியுடன் மூன்று. சரித்திரத் தோல்வியை நேரில் பார்க்கலாம் என்று வந்தவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். 'அணியை விற்றுவிடு' என்று உரிமையாளர் ஜெர்ரி ரெயின்ஸ்டார்ஃபுக்கு எதிராகக் கோஷம். முதல் நாள், ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸ்வரை பின்தங்கியிருந்தவர்கள் 3-2 என்று ஜெயித்தார்கள். அடுத்த இரண்டு நாளும் ஜெயித்தார்கள். அப்புறம் டெட்ராய்ட். 27-ஆம் தேதி 121-ஆவது தோல்வி வந்தே விட்டது. அந்த வெற்றியோடு டெட்ராய்ட் டைகர்ஸ் பிளேஆஃபுக்குப் போனதால் எதிரே ஒரே கொண்டாட்டம். இனி எது நடந்தாலும் ஒன்றும் மாறப்போவதில்லை என்ற நிலையில் இரண்டு ஆட்டங்கள் பாக்கி. இரண்டையும் ஜெயித்தார்கள். இது உங்கள் மகனுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். நீங்கள் அவனிடம் கேட்டீர்களா?

கடைசி இடத்துக்கு ஆறுதல் பரிசுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மோசமாக ஆடிய அணிக்குப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை உண்டு; முதல் இடங்களைக் குலுக்கல் போட்டு முடிவுசெய்வார்கள். ஆனால் பெரிய நகரத்து அணி அடுத்தடுத்த வருடங்களில் அந்தக் குலுக்கலில் இருக்கக்கூடாது என்ற விதியால் 2025-இல் இவர்களுக்குக் கிடைத்தது பத்தாவது இடம்.

எங்கள் ஊர் வாலிபால் அணியில் என் சித்தப்பா ஆடினார். வெளியூர்ப் போட்டிகளுக்குப் போனால் பெரும்பாலும் முதல் சுற்றோடு திரும்பிவிடுவார்கள். மறுநாள் சாயங்காலம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வலையை இழுத்துக் கட்டுவது அவர்தான். கோப்பை வாங்கிய ஊர்களின் பெயரெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. சித்தப்பாவிடம் நான் கற்றுக்கொண்டது எதுவும் மறக்கவில்லை.

அந்த வருடம் சாம்பியனான டாட்ஜர்ஸ் அணியே வழக்கமான சீசனில் 64 ஆட்டங்கள் தோற்றது. தோற்றுவிட்டு மறுநாள் வந்து நிற்கத் தெரியாதவனுக்கு இந்த ஆட்டத்தில் இடமே இல்லை. தோற்பவர்களையே பார்க்கிறான் என்கிறீர்கள். அவன் பார்த்தது வைட் சாக்ஸின் காரெட் குரோஷே பந்து வீசியதை! பேஸ்பாலில் அணியின் வெற்றி தோல்வியைப் பந்து வீசுபவர் (பிட்சர்) பெயரிலும் எழுதுவார்கள்; வெற்றி 6, தோல்வி 12 என்று அவர் கணக்கில் எழுதினார்கள். அதே பிட்சர் 146 இன்னிங்ஸில் 209 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் 209 முறை பேட்ஸ்மேனை வெளியேற்றினார். சீசன் முடிந்ததும் பாஸ்டன் அணி அவரை வாங்கிக்கொண்டது.

கப்ஸ் நல்ல அணிதான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் இனி ஒருமுறைகூட அவனை மாறச் சொல்லாதீர்கள். பள்ளிக்கூடத்துக் கேலியை அவன் சமாளித்துக்கொள்வான். வீட்டுக்கு வந்தால் அப்பாவும் அதையே சொன்னால் பிள்ளை எங்கே போவான்? ஏப்ரலில் ஒருநாள், குளிர் இருந்தாலும் பரவாயில்லை, அவனை மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். தோற்கிறார்கள் என்று ஏழாவது இன்னிங்ஸிலேயே கார் எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள்.