இளைஞர் கழகத்தை நீண்ட காலம் நடத்திய ஒருவரைக் கிராமம் எப்படிக் கௌரவிக்கலாம்?

நீங்களும் வன்னியில் ஏதோ ஒரு கிராமத்தில் இருந்துதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மாலை வகுப்பும் விளையாட்டும் நடத்திவரும் ஒருவருக்கு விழா எடுக்கப்போவதாகவும், பிரதம விருந்தினராக யாரைக் கூப்பிடலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. வெளியிலிருந்து யாரையும் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டே ஆகவேண்டும் என்றால் அவரிடம் படித்த பிள்ளை ஒருவரைக் கூப்பிடுங்கள்.

எங்களுடையது கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள குடியேற்றக் கிராமம். 2010இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பியபோது சனசமூக நிலையம் இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. வீதியோரங்களில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள். பாடசாலை விட்டதும் பிள்ளைகள் பழைய இரும்பு பொறுக்கக் காணிகளுக்குள் இறங்கிவிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் அண்ணை ஒரு தறப்பாளைக் கட்டி மாலை வகுப்பைத் தொடங்கினார். ஊரில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் அண்ணைதான். கணிதம் சொல்லிக்கொடுப்பது அவருக்கு இரண்டாவது வேலை. இருட்டும்வரை பிள்ளைகளைப் பத்திரமான ஓர் இடத்தில் வைத்திருப்பதே முதல் வேலை. பிறகு கரப்பந்து வலை வந்தது, இளைஞர் கழகம் வந்தது. ஒவ்வொரு நாளும் வந்தவர்களின் பெயரை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுவார். ஒரு பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் அந்த வீட்டுப் படலையில் அவருடைய சைக்கிள் நிற்கும். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே நான் படிப்பை நிறுத்தப் பார்த்தபோது எங்கள் படலையிலும் நின்றது. அப்பாவோடு அவர் பேசிய பேச்சால்தான் நான் இன்று ஓர் அலுவலகத்தில் இருந்து இதை எழுதுகிறேன்.

இளைஞர் கழகத்தில் 29 வயதோடு அங்கத்துவம் முடிந்துவிடும். அதன் பிறகு எந்தப் பதிவேட்டிலும் அண்ணையின் பெயர் இல்லை. வேலை மட்டும் அவரிடமே இருந்தது.

அவருக்கும் ஒரு கௌரவிப்பு விழா நடந்தது. விருந்தினர் வரும்வரை பிள்ளைகள் வெயிலில் மாலையோடு நின்றார்கள். வந்தவர்கள் மேடையில் ஒருவரை ஒருவர் புகழ்ந்து பேசி முடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. கடைசியில் அண்ணையின் பெயரைக் கூப்பிட்டபோது அவர் மேடையருகில் இல்லை. நின்றுபோன ஜெனரேட்டரைத் திருத்திக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் இருந்தார். கதிரை கொண்டுவந்ததும் அவர்தான், ஒலிபெருக்கி பிடித்ததும் அவர்தான். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பொன்னாடையை வாங்கினார். படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். அன்றிரவு கதிரைகளை அடுக்கியதும் அவரே. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்த சிறுபோகத்தில்தான், மழையில்லாமல் குளத்து நீரை நம்பி விதைக்கும் போகத்தில்தான், எங்களுக்கு வழி தெரிந்தது. குளத்தில் இருக்கும் நீரைப் பார்த்து, இவ்வளவு ஏக்கர்தான் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். கிடைக்கும் சிறு துண்டுக்கும் முறைவைத்துத்தான் தண்ணீர். போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நாட்களில் அண்ணையின் முறை தவறிவிடும், பயிர் வாடும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவருடைய மனைவி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பழைய மாணவர்கள் சேர்ந்து ஆளுக்கொரு நாள் பொறுப்பெடுத்தோம். அவர் மைதானத்தில் நிற்கும் நாளில் அவருடைய வயலில் எங்களில் ஒருவர் மண்வெட்டியோடு நிற்பார். வகுப்பையும் பங்கிட்டுக்கொண்டதால் கிளினிக் நாளில் அவரால் ஆறுதலாக ஆஸ்பத்திரிக்குப் போக முடிகிறது. பந்துக்கும் வலைக்கும் அவர் கைக்காசு போட்டது எல்லோருக்கும் தெரியும். கையில் கொடுத்தால் வாங்கமாட்டார் என்பதால், வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கழகம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது என்று தீர்மானம் எடுத்துக் குறிப்பேட்டில் எழுதினோம். அதை வாசித்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எழுத்தில் வைப்பதைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் அக்கா. போர்க்காலத்தில் அவர் நியமனமில்லாத தொண்டர் ஆசிரியையாகப் படிப்பித்தார். இடம்பெயர்ந்த இடங்களிலெல்லாம் மரத்தடியில் வகுப்பெடுத்தார். பின்னர் நிரந்தர நியமனத்துக்கான நேர்முகத் தேர்வில், கையொப்பமிட்ட வரவுப் பதிவேடு எங்கே என்று கேட்டார்கள். 2009இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியபோது பாடசாலைப் பதிவேட்டை யார் தூக்கிவருவது? அக்காவிடம் படித்தவர்கள் வந்து சாட்சி சொல்லத் தயாராக இருந்தார்கள். யாரும் கேட்கவில்லை. உங்கள் கேள்விக்கு இது நேரடிப் பதில் இல்லை என்று தெரியும். இருந்தாலும் வன்னியில் சம்பளமில்லாமல் உழைத்தவர்களைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் என்னால் கடக்க முடியாது.

பொன்னாடையை இழிவாகப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். எங்கள் அண்ணை அதை இன்றும் மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறார், அந்த மரியாதை எனக்கும் உண்டு. "தொண்டு செய்கிறவர் பலனை எதிர்பார்க்கலாமா" என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன்: அவர் எதிர்பார்க்கவில்லை. பலனை அனுபவித்த நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக்கூடாது என்பதுதான் என் பேச்சு. டிசம்பர் 5 சர்வதேச தொண்டர் தினம். அன்று விழா வைக்க விரும்பினால் தாராளமாக வையுங்கள். ஆனால் அது மழைக்காலக் காலபோக நெற்பயிர் நிற்கும் காலம். முதலில் அவருடைய வயலுக்கு யார் போவது என்று பேசி முடியுங்கள்.

எப்படிக் கௌரவிக்கலாம் என்று அவரிடமே கேட்காதீர்கள், எனக்கு எதற்கு என்றுதான் சொல்வார். அவருடைய மனைவியிடம் போய்க் கேளுங்கள். எந்த வேலை எவ்வளவு காலமாகத் தேங்கிக் கிடக்கிறது என்று அவர் சொல்வார்.