பதினான்கு நாள் மாத்திரையை யார் முடிக்கிறார்கள்? மலேரியா சிகிச்சை பற்றிக் கேள்வி பதில்

சென்னையில் மலேரியாப் பிரிவில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மலேரியா மாத்திரையைச் சொன்னபடி முடிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தை மாற்றுவது, நிறுத்துவது, மறுபடி தொடங்குவது எல்லாம் உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது.

செல்வி, ராயபுரம்: சார், என் மகனுக்கு வைவாக்ஸ் மலேரியா வந்தது. மூன்று நாள் மாத்திரையிலேயே காய்ச்சல் விட்டுவிட்டது. அப்புறம் எதற்கு 14 நாளைக்கு இன்னொரு மாத்திரை? ஐந்தாம் நாளோடு நிறுத்திவிட்டான்.

மாத்திரை கொடுத்த இடத்திலேயே இதற்குப் பதில் சொல்லியிருந்தால் அவன் நிறுத்தியிருக்க மாட்டான். அதனால் அவனைத் திட்ட வேண்டாம்.

கொடுத்தது இரண்டு மருந்து, இரண்டுக்கும் வேலை வேறு. குளோரோகுயின் ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொல்கிறது. பெரியவர்களுக்கு முதல் நாள் 4 மாத்திரை, இரண்டாம் நாள் 4, மூன்றாம் நாள் 2. காய்ச்சலைக் கொண்டுவருவது ரத்தத்தில் இருக்கும் கிருமிதான். அது போனதும் காய்ச்சலும் போய்விடும். ஆனால் மலேரியாக் கிருமி வகைகளில் ஒன்றான வைவாக்ஸில் கொஞ்சம் கிருமி கல்லீரலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அது அங்கே இருக்கிறவரை காய்ச்சலும் இருக்காது, வலியும் இருக்காது, விரலில் ரத்தம் குத்தி ஸ்லைடில் பார்த்தாலும் சிக்காது. சில வாரம் கழித்தோ, பல மாதம் கழித்தோ எழுந்து ரத்தத்துக்கு வரும். புதிதாக ஒரு கொசுவும் கடிக்காமலேயே மலேரியா திரும்பிவிடும். அதைக் கல்லீரலிலேயே முடிக்கத்தான் பிரைமாகுயின். பெரியவர்களுக்கு தினம் 15 மி.கி., 14 நாள்.

சிக்கல் எங்கே என்றால், உடம்பு நன்றாக இருக்கும்போது சாப்பிட வேண்டிய மாத்திரை இது. மூன்றாம் நாளே வேலைக்குப் போய்விட்டவனுக்கு ஒன்பதாம் நாள் மாத்திரை நினைவில் இருப்பதே பெரிய விஷயம். பிரைமாகுயினில் மொத்தமாக உள்ளே போகும் அளவுதான் முக்கியம். ஐந்து நாளில் போனது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மீதியை அவனாக எடுத்துத் தொடங்க வேண்டாம். ஸ்ட்ரிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மருந்து கொடுத்த இடத்துக்கே போங்கள். எந்த நாளோடு நிறுத்தினான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு செவிலியர் மாணவி, மதுரை: சில ஆய்வுகளில் ஏறக்குறைய எல்லோரும் மருந்தை முடித்தார்கள் என்று வருகிறது. சிலவற்றில் பாதிப் பேர்கூட முடிக்கவில்லை என்று வருகிறது. எதை நம்புவது, சார்?

எப்படி அளந்தார்கள் என்று முதலில் பாரம்மா. "மாத்திரை எல்லாம் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் நம் ஊரில் யார் இல்லை என்பார்கள்? வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் தலை தானாக ஆடும். மிச்ச மாத்திரையை எண்ணினால் கொஞ்சம் உண்மை தெரியும். அதிலும் ஓட்டை உண்டு, காலி ஸ்ட்ரிப் என்றால் வயிற்றுக்குள்தான் போனது என்று அர்த்தமில்லை. திறந்த நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளும் மாத்திரைப் பெட்டிகள் இருக்கின்றன, ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் முறையும் இருக்கிறது. பொதுவாக வாய்ச்சொல் தரும் கணக்கு கூடுதலாகவே இருக்கும்.

இன்னொன்று. முடிப்பது வேறு, சொன்னபடி முடிப்பது வேறு. பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் ஒரு கட்டுமான இடம். தகரக் கொட்டகையில் ஒடிசாக்காரப் பையன் ஒருவன் இருந்தான். 7.5 மி.கி. பிரைமாகுயின் தினம் இரண்டு, மொத்தம் 28 மாத்திரை கொடுத்திருந்தோம். பத்தாம் நாள் சாயங்காலம் போய்க் கேட்டேன். சாப்பிட்டேன் என்றான். ஸ்ட்ரிப்பைக் காட்டு என்றதும், தகரத்துக்கும் சவுக்குக் கட்டைக்கும் நடுவில் செருகி வைத்திருந்ததை உருவித் தந்தான். 8 இருக்க வேண்டிய இடத்தில் 18 இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. தினம் ஒன்று, ஒரு நாள்கூடத் தவறாமல் போட்டிருக்கிறான். இரண்டு என்று இங்கே தமிழில் சொன்னது அவனிடம் ஒன்று என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. கேள்வித்தாளில் இவனை எந்தக் கட்டத்தில் போடுவாய்?

அதனால் நீ வேலைக்குப் போனதும் "சாப்பிட்டீர்களா" என்று கேட்காதே. "இன்னும் எத்தனை இருக்கிறது, எடுத்து வாருங்கள், பார்ப்போம்" என்று கேள்.

கட்டட மேஸ்திரி, வண்டலூர்: ஆட்களுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தாலும் ஒழுங்காகப் போடுவதில்லை. எங்களைக் குறை சொல்கிறார்கள்.

வெளிமாநிலத்து ஆட்களிடம் நான் கண்ட காரணங்கள் சாதாரணமானவை. மாத்திரை வாங்க ஒரு நாள் போனால் அன்றைக்குக் கூலி இல்லை. பாதியில் வேறு சைட்டுக்கு மாற்றுவார்கள், அல்லது ஊருக்கு ரயில் ஏறிவிடுவான். சீட்டு தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒன்றும் சாப்பிடாமல் போட்டு, வயிறு பிசைந்தால் அடுத்த நாள் தொட மாட்டான்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மதியச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே நேரம்தானே? சாப்பிட்டதும் உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். ஆள் மாறிப் போனால் எந்த நாள்வரை போட்டான் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். தாய்லாந்து-மியான்மர் எல்லையில் பிரைமாகுயினை நேரில் பார்த்துக் கொடுத்த கூட்டத்தையும், கையில் கொடுத்து அனுப்பிய கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நேரில் கொடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது.

கணேசன், தாம்பரம்: தினம் இரண்டு போடும் பிரைமாகுயின் ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் சேர்த்து நாலாகப் போடலாமா?

வேண்டாம். வழக்கமான அளவோடு தொடருங்கள், விட்டுப்போனதை மருந்து கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

ரேவதி, திருவொற்றியூர்: பிரைமாகுயின் போட்டால் சிறுநீர் கறுக்கும், ரத்தம் உடையும் என்கிறார்கள். பயந்து நிறுத்திவிட்டேன்.

இது வெறும் வதந்தி இல்லை. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மருந்து சிவப்பணுக்களை உடைக்கும். வசதி உள்ள இடத்தில் அதற்குப் பரிசோதனை செய்துவிட்டுக் கொடுக்கிறார்கள். சிறுநீர் தேயிலைச் சாய நிறத்தில் போனால், கண் மஞ்சளானால், மூச்சு வாங்கினால் அடுத்த மாத்திரையைப் போடாமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நிலையில் நிறுத்துவது தவறே இல்லை. "கட்டாயம் முடி, முடி" என்று மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு. உங்களுக்கு அறிகுறி எதுவும் இல்லை, பயம் மட்டும்தான் என்றால் பரிசோதனை கேட்டு வாங்குங்கள், அப்புறம் தொடர்வதா என்று முடிவு செய்யலாம். வெறும் வயிற்று எரிச்சல் என்றால் சாப்பிட்டபின் போட்டால் பெரும்பாலும் அடங்கும்.

கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் கிடையாது. பாலூட்டுகிறவர்கள் கேட்காமல் போடக் கூடாது.

திரிபுராவில் பணியில் இருக்கும் ஒரு ஜவான்: ஃபால்சிபாரம் என்று சொல்லி மூன்று நாளைக்கு ஆறு வேளை மாத்திரை கொடுத்தார்கள். மறுநாளே நன்றாக ஆகிவிட்டது. மீதியை அவசரத்துக்கு வைத்திருக்கிறேன். சரியா?

சரியில்லை தம்பி. அந்தப் பொட்டலம் ஒரு ஆளுக்கு ஒரு முறைக்கானது. மிச்சம் வைத்தால் உங்கள் நோயும் பாதிதான் தீரும், அதை வாங்கிப் போடும் அடுத்தவருக்கும் பாதி மருந்துதான். இன்றே மருத்துவ அதிகாரியிடம் போய் இதைச் சொல்லுங்கள். ஃபால்சிபாரம் இன்னொரு வகை மலேரியாக் கிருமி, மூளை வரை போகும், விளையாட்டு இல்லை.

வடகிழக்கில் கொடுப்பது ஆர்ட்டிமீதர்-லூமிஃபான்ட்ரின், இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை. ஆர்ட்டிமீதர் கிருமியை வேகமாகக் குறைத்துவிட்டுச் சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். அதனால்தான் மறுநாளே நன்றாக இருந்தது. லூமிஃபான்ட்ரின் மெதுவாக வேலை செய்யும், நாள் கணக்கில் ரத்தத்தில் தங்கி மிச்சத்தைத் துடைக்கும். கிருமி ஒரு சுற்றுப் பெருக ஏறக்குறைய 48 மணி நேரம். மூன்று நாள் மருந்து இரண்டு சுற்றைத் தொடும். ஒரு நாளோடு நிறுத்தினால் ஒரு சுற்றுகூட முழுதாக இல்லை. முதல் வேளைக்குப் பிறகு 8 மணி நேரத்தில் இரண்டாவது வேளை, அப்புறம் காலை மாலை. ராத்திரி 12 மணிக்கு முதல் வேளை போட்டவன் காலை 8 மணியை மறந்துவிடுவான், இதை நிறைய பார்த்திருக்கிறேன். லூமிஃபான்ட்ரின் கொழுப்போடுதான் நன்றாகச் சேரும். வெறும் வயிற்றில் ஆறு வேளையும் முடித்தாலும் பாதி வீண். ஒரு டம்ளர் பாலாவது குடியுங்கள்.

மற்ற மாநிலங்களில் ஆர்ட்டிசுனேட்டும் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமினும் சேர்ந்த பொட்டலம். வயதுக்கு ஒரு நிறம்: ஒரு வயதுக்குள் இளஞ்சிவப்பு, 1 முதல் 4 வரை மஞ்சள், 5 முதல் 8 வரை பச்சை, 9 முதல் 14 வரை சிவப்பு, அதற்கு மேல் வெள்ளை. எழுத்துத் தெரியாதவர்களும் தப்பாமல் போட இந்த ஏற்பாடு நன்றாக உதவியது. பிரைமாகுயினுக்கு இப்படி ஒன்று செய்திருக்கலாம் என்று எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

பிரபு, கோவை: மருந்துக்கு அசையாத மலேரியா வருவதற்கு, பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் காரணமா?

அவர்களும் ஒரு காரணம். ஆனால் கம்போடியாவின் மேற்கு எல்லையில் ஆர்ட்டிமிசினினுக்கு (ஆர்ட்டிமீதரும் ஆர்ட்டிசுனேட்டும் இந்த வகைதான்) எதிர்ப்பு தலைதூக்கியபோது, அங்கே பல வருடமாகத் துணை மருந்தில்லாமல் ஆர்ட்டிமிசினின் மட்டும் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. போலி மருந்தும் ஓடியது. பழி முழுவதையும் நோயாளி தலையில் கட்டாதீர்கள்.

மீனா, சேலம்: மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் குழந்தை வாந்தி எடுத்துவிட்டால்?

அரை மணிக்குள் என்றால் அந்த வேளையை மறுபடி கொடுக்க வேண்டும், அதற்குத் தனி மாத்திரை கேட்டு வாங்குங்கள். நாளைக்குரியதை எடுத்துவிட்டால் கடைசியில் ஒரு வேளை குறையும். திரும்பத் திரும்ப வாந்தி என்றால் ஊசி மருந்துக்கு மருத்துவமனை.

ஆறுமுகம், தூத்துக்குடி: நிலவேம்புக் கஷாயம் குடித்தால் போதாதா?

குடியுங்கள். மாத்திரையையும் போடுங்கள்.

ஹரிணி, பெங்களூரு: 14 நாளைக்குப் பதில் ஒரே வேளையில் முடிகிற மருந்து வந்துவிட்டதாமே?

டாஃபினோகுயின். அமெரிக்காவில் 2018இல் அனுமதி கிடைத்தது, ஒரே வேளைதான். ஆனால் போட்டதும் பல நாள் உடம்பிலேயே தங்கும், பாதியில் நிறுத்த வழியில்லை. அதனால் ஜி6பிடி எவ்வளவு இருக்கிறது என்று அளந்த பிறகே கொடுக்கலாம். பிரைமாகுயினையே இரட்டிப்பு அளவில் 7 நாளில் கொடுத்தும் பார்த்தார்கள், 14 நாளுக்குக் குறைவில்லாமல் பலன் கிடைத்தது. உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டது. இரட்டிப்பு என்றதும் வீட்டில் இருப்பதை நீங்களாக இரண்டு மடங்காக்கிவிடாதீர்கள், அதற்கும் பரிசோதனை வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: எங்கள் நாட்டில் மலேரியா இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். இந்தியாவில் வேலை செய்துவிட்டு வந்த உறவினர் 14 நாள் குளிசையை இடையில் விட்டுவிட்டார். ஊருக்கு என்ன பாதிப்பு?

உண்மைதான், இலங்கையில் 2012க்குப் பிறகு உள்ளூரிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் தொற்று இல்லை, 2016இல் சான்றிதழும் கிடைத்தது. ஆனால் கொசு போகவில்லை. எங்கள் சென்னையில் மொட்டைமாடித் தொட்டிகளில் முட்டையிடும் அனாபிலிஸ் ஸ்டெஃபென்சி என்ற மலேரியாக் கொசு 2016 இறுதியில் மன்னாரிலும் பிடிபட்டது. 2018 இறுதியில் மொனராகலை மாவட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளியிடமிருந்து உள்ளூர்க்காரர் ஒருவருக்கு வைவாக்ஸ் தொற்றியது. உங்கள் மலேரியாத் தடை இயக்கத்தினர் உடனே வளைத்துப் பிடித்ததால் பரவாமல் நின்றது. உறவினரை அவர்களிடமே போகச் சொல்லுங்கள். இனிமேல் எப்போது காய்ச்சல் வந்தாலும், சாதாரணக் காய்ச்சல்போல இருந்தாலும், இந்தியாவில் இருந்ததையும் குளிசை விட்டதையும் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். மலேரியாவைப் பார்த்தே இராத இளம் டாக்டர்கள் கேட்காமல் விடக்கூடும்.