ஒயர் அவனுக்கு, நோட்டு அவளுக்கா?

கேள்வி: ஏழு வயது மகள், கையில் கிடைத்ததைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவள், இப்போது "சயின்ஸெல்லாம் ரொம்ப புத்திசாலிகளுக்குத்தான்" என்கிறாள். யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

பதில்: தனியாக யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை, சுற்றிலும் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். 2017-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து வயதில் பெண்ணும் பையனும் அவரவர் பாலினத்தையே 'ரொம்ப புத்திசாலி' என்று காட்டினார்கள்; ஆறு, ஏழு வயதில் பெண் பிள்ளைகள் அப்படிக் காட்டுவது குறைந்தது. இத்தனைக்கும் வகுப்பில் நல்ல மார்க் வாங்குவது பெண்கள்தான் என்று அவர்களே சொன்னார்கள்! ஆக, "நீயும் புத்திசாலிதான்" என்று சமாதானம் சொல்வதால் பெரிதாகப் பலனிருக்காது என்றே நினைக்கிறேன். "நாம விஞ்ஞானி ஆகலாம்" என்பதைவிட "வா, சயின்ஸ் செய்யலாம்" என்று கூப்பிட்டபோது சின்னப் பெண்கள் அதிக நேரம் விடாமல் செய்ததாக 2019-ல் இன்னோர் ஆய்வு வந்தது. அப்படியே கூப்பிட்டுப் பாருங்கள், செலவில்லை.

கேள்வி: விஞ்ஞானியை வரையச் சொன்னால் வகுப்பே ஆணைத்தான் வரைகிறது. கவலைப்படணுமா?

பதில்: வேண்டாம், ஆனால் கவனியுங்கள். 1983-ல் வெளியான பழைய ஆய்வில் 4,807 பிள்ளைகளில் பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் வெறும் 28 பேர், அத்தனை பேரும் பெண் பிள்ளைகள். அமெரிக்காவில் அந்த நிலை பின்னால் நன்றாகவே மாறியிருக்கிறது.

கேள்வி: நான் டீச்சர். குழுச் சோதனையில் பையன்கள் ஒயரை மாட்டுகிறார்கள், பெண்கள் நோட்டில் எழுதுகிறார்கள். அவர்களாகத்தானே பிரித்துக்கொள்கிறார்கள், நான் எதற்குத் தலையிட வேண்டும்?

பதில்: தலையிடுங்கள். யார் விருப்பமோ அவர் செய்யட்டும் என்பது நியாயம் போலத்தான் தெரியும், ஆனால் ஏற்கெனவே பழகிய கைதான் முதலில் நீளும், பழகாத கை பழகாமலேயே நின்றுவிடும், வருஷக் கடைசியில் நாமே "அவனுக்குக் கை வேலை நல்லா வரும், அவளுக்குக் கையெழுத்து அழகு" என்று பாராட்டியும் வைப்போம். எழுதுபவர், மாட்டுபவர், அளப்பவர் என்று சுவரில் பட்டியல் ஒட்டி ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். அப்புறம், கேள்வி கேட்டுவிட்டு மூன்று விநாடியாவது பேசாமல் இருங்கள். மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் கவனித்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்றாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள்.

கேள்வி: மைக்ரோஸ்கோப் தனக்குக் கிடைக்காவிட்டால் "அநியாயம்" என்று கத்தும் மகன், கிடைத்தால் மூச்சு விடுவதில்லை. சுயநலமா?

பதில்: வயசு. ஏழு நாடுகளில் பார்த்த 2015 ஆய்வில், பங்கு பிரிக்கும்போது தனக்குக் குறைந்தால் அந்தப் பங்கீட்டை மறுக்கும் குணம் எல்லா நாட்டுப் பிள்ளைகளிடமும் இருந்தது; தனக்குக் கூடினால் மறுக்கும் குணம் மூன்று நாடுகளில் மட்டும், அதுவும் தாமதமாக வந்தது. ஆளுக்கு எத்தனை நிமிஷம் என்பதை அவனையே பிரிக்கச் சொல்லுங்கள், ஆனால் பிரிப்பவனுக்குக் கடைசி முறைதான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.