மே மாதச் சிவப்பும் செப்டம்பர் மஞ்சள்பச்சையும்

கேள்வி: பென்சில்வேனியாவில் வசிக்கிறோம். மே மாதத்தில் எங்கள் தோட்டத்து ஓக் மரத்தில் செக்கச்செவேலென்ற உடலும் கரிய இறக்கைகளும் கொண்ட பறவை ஒன்றைக் கண்டோம். பிறகு அது தென்படவில்லை. செப்டம்பரில் அதே மரத்தில் மஞ்சள்பச்சைப் பறவை ஒன்று இருந்தது. முதலில் கண்டது கார்டினலா? தீனி வைத்தால் அடுத்த ஆண்டும் வருமா?

பதில்: கார்டினலுக்குக் கொண்டையும் தடித்த சிவந்த அலகும் உண்டு, இறக்கைகளும் சிவப்பாகவே இருக்கும். நீங்கள் கண்டது ஸ்கார்லெட் டானேஜரின் ஆண். ஆயினும் இரண்டுக்கும் உறவு உண்டு: டானேஜர் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இப்பறவையை, மரபணு ஆய்வுகளின் அடிப்படையில், 2009இல் அமெரிக்கப் பறவையியலாளர்கள் கார்டினல் குடும்பத்துக்கு மாற்றினார்கள்.

செப்டம்பரில் வந்தது அதே ஆணாகவும் இருக்கலாம். இனப்பெருக்கம் முடிந்து கோடையின் இறுதியில் ஆண் தன் சிவந்த இறகுகளை உதிர்க்க, அவ்விடத்தில் மஞ்சள்பச்சை இறகுகள் முளைக்கின்றன. இறக்கையும் வாலும் மட்டும் கருமையாகவே நிற்கும். எனவே உடலின் நிறத்தை விட்டுவிட்டு இறக்கையைப் பாருங்கள்: நல்ல கருமை என்றால் முதிர்ந்த ஆண், மங்கிய பழுப்புப்பச்சை என்றால் பெண் அல்லது இளம்பறவை. இடைப்பட்ட வாரங்களில் சிவப்பும் பச்சையும் திட்டுத்திட்டாகத் தெரியும், அது நோயன்று.

கோடை முழுவதும் அது அருகிலேயே இருந்திருக்கக்கூடும். இலை அடர்ந்தபின் உச்சிக்கிளைகளில் புழுபூச்சி தேடும் பறவையைக் கண்ணால் காண்பது அரிது. 'சிக்-பர்' என்னும் கரகரத்த அழைப்பைக் காதால் பிடிப்பதே எளிது.

தீனித்தட்டை நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. குளிர் மிகுந்து பூச்சி குறையும் மே மாத நாள்களில் பாதியாக வெட்டிய ஆரஞ்சுக்கு எப்போதாவது வரும்; மற்றபடி, ஓக் இலைகளில் வளரும் புழுக்களே அதன் முதன்மையான உணவு. ஆகவே அந்த மரத்தைக் காப்பதும், பூச்சிக்கொல்லி தெளிக்காதிருப்பதும் எந்தத் தீனியையும்விட மேலானவை. இடமிருந்தால் அம்மண்ணுக்குரிய சிவப்பு மல்பெரி ஒன்றை நடுங்கள். பழுக்கும் காலத்தில் கனிகளையும் உண்ணும்.

இன்னொன்றும் மிக முக்கியம். ஆண்டீஸ் மலைக்குக் கிழக்கிலுள்ள காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் இப்பறவை, பெரும்பாலும் இரவிலேயே வலசை போகிறது. விளக்கொளியில் திசை தடுமாறியும், கண்ணாடியில் தெரியும் மரநிழலை மெய்யென்று நம்பி மோதியும் வலசைப் பறவைகள் ஏராளமாக இறக்கின்றன. மே, செப்டம்பர் மாதங்களில் தேவையற்ற வெளிவிளக்குகளை அணைத்துவிடுங்கள். சன்னல் கண்ணாடியின் வெளிப்புறத்தில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகளை ஒட்டுங்கள். ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டுவது போதாது.