சித்திரம் எடுக்க விரும்பும் மகளைப் பற்றி ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் உயர்தரத்தில் (பல்கலைக்கழகம் புகுவதற்கு மூன்று பாடங்களுடன் எழுதும் ஏ.எல். பரீட்சையில்) சித்திரம் எடுத்து, பிறகு கலைவரலாறு படிக்கப் போவதாகச் சொன்ன நாளிலிருந்து வீட்டில் நிம்மதியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கியல் எடுக்கச் சொல்லும் அவளுடைய தந்தையின் பயம் நியாயமானது. கலைவரலாற்றுப் பட்டதாரி தேவை என்று நம் இலங்கையில் விளம்பரம் வருவது மிக அரிது. ஆனாலும் அவள் எடுக்கட்டும் என்றே சொல்வேன். மற்ற இரண்டு பாடங்களையும் மட்டும் மிகவும் யோசித்துத் தெரிவுசெய்ய வேண்டும்.

நமது உயர்தரத்தில் கலைவரலாறு தனிப் பாடமன்று. சித்திரப் பாடத்தின் எழுத்துப் பகுதியில் அடங்கியிருக்கிறது. கோயிற் கட்டடத்தையும் சிற்பத்தையும் இந்து நாகரிகத்திலும் படிக்கலாம். லண்டன் உயர்தரத்துக்கு, அதாவது பிரித்தானியப் பாடத்திட்டத்துக்கு, மாற்றினால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்திலேயே 2016இல் இப்பாடத்தை நடத்திவந்த பரீட்சைச் சபை அதைக் கைவிடுவதாக அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு பியர்சன் என்ற வேறொரு பரீட்சை நிறுவனம் 2017இல் புதிய பாடத்திட்டத்துடன் அதைத் தொடர்ந்தது. இதற்காக மட்டும் பாடசாலை மாற்றிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

இது படம் வரைகிற பொழுதுபோக்கு என்று தந்தை நினைக்கிறார் போலும். அவரையும் அழைத்துக்கொண்டு கொழும்பு நூதனசாலைக்கு ஒருமுறை போய்வாருங்கள். ஒருகாலத்தில் சோழர் ஆண்ட பொலன்னறுவையின் சிவாலயங்களில் கிடைத்த வெண்கலச் சிலைகள் அங்கே இருக்கின்றன. நடராசரும் நாயன்மாரும் கண்ணுக்குத் தெரிவார்கள். எலும்பும் தோலுமாகத் தாளமிடும் காரைக்கால் அம்மையாரை யாராலும் மறக்க முடியாது. இவை சோழநாட்டிலிருந்து வந்தவையா, இங்கேயே வார்க்கப்பட்டவையா? சோழர் ஆட்சி முடிந்த பிறகும் இங்கே சிலை வார்த்தார்களா? வழிபாட்டில் இருந்தவை ஏன் மண்ணுக்குள் போயின? இவற்றுக்கு விடை தேடுகிறவர் உலோகத்தையும் உருவ இலக்கணத்தையும் கல்வெட்டையும் தேவாரத்தையும் ஒன்றாகப் படிக்க வேண்டும். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இதே நூதனசாலை வெண்கலங்களைப் பற்றி 1914இல் எழுதினார். 1917இல் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவைப் பொறுப்பேற்றார். எல்லோரும் குமாரசுவாமி ஆகப்போவதில்லை. ஆனால் சான்றைப் பார்த்து, ஒப்பிட்டு, காரணம் காட்டி எழுதும் இந்தப் பயிற்சி எந்த வேலையிலும் கைகொடுக்கும்.

பாடத்தெரிவுக்கு வருகிறேன். சித்திரத்துடன் வரலாறும் இந்து நாகரிகமும் சேர்ந்தால், பின்னர் தொல்லியல் பக்கம் போவதற்கும் வழி திறந்திருக்கும். சித்திரத்துடன் நடனத்தையோ சங்கீதத்தையோ சேர்ப்பதை நான் விரும்பவில்லை; செய்முறைச் சுமை இரட்டிப்பாகும். எந்தச் சேர்க்கை எந்தப் பட்டத்துக்குத் தகுதி தரும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் நீங்களே பாருங்கள். டியூஷன் வகுப்பில் யாரோ சொன்னதை நம்பி முடிவெடுக்காதீர்கள். தமிழில் தொடர்வதற்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையும் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. ஓவியம், சிற்பம் போன்ற சில கட்புலக் கலைப் பட்டங்களுக்கு, உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளியுடன், திறமையைச் சோதிக்கும் உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதனால் வரைவதை விட்டுவிடக்கூடாது.

வேலை என்று பார்த்தால் முதலில் நிற்பது ஆசிரியத் தொழில். தொல்லியல் திணைக்களம், மத்திய கலாசார நிதியம், நூதனசாலைகள், அனுமதிப்பத்திரம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி என்று வேறு வழிகளும் உண்டு. அவற்றுக்குச் சிங்களமும் ஆங்கிலமும் மிக அவசியம். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைக்குக் கொழும்பில் பாதிக் கதவுகள் மூடியே இருக்கும். இது எனக்குப் பெரிய வருத்தம். கிடைக்கும் ஓய்வு நாட்களை அவள் சிங்களம் படிக்கவே செலவிடட்டும்.

படிவத்தை ஒப்படைக்குமுன் அதிபரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: உயர்தர வகுப்புக்குத் தமிழ்மொழிமூலச் சித்திர ஆசிரியர் நிரந்தரமாக இருக்கிறாரா? இல்லையென்றால், அப்படி ஒருவர் இருக்கும் வேறு பாடசாலையில் இப்போதே அனுமதி கேட்டுப் பாருங்கள்.